தள்ளுவதற்கு முன் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சக்கர நாற்காலியில் செல்பவள் என்ற முறையில் வாசகர்களிடம் ஒன்று சொல்ல வேண்டும். உதவும் எண்ணத்தில் பலர் பின்னாலிருந்து வந்து, கேட்காமலேயே நாற்காலியைத் தள்ளத் தொடங்கிவிடுகிறார்கள். முன்சக்கரங்கள் மிகச் சிறியவை. தரையில் விரல் தடிமனுக்கு ஒரு மேடு இருந்தாலே முட்டி நின்றுவிடும். தள்ளிய வேகத்தில் உட்கார்ந்திருப்பவர் முன்னால் விழலாம். என் கைகள் பெரிய சக்கரத்தின் வளையத்தில் இருக்கும்போது திடீரென்று தள்ளினால் விரல்கள் ஆரக்கம்பிகளில் மாட்டிக்கொள்ளும். "தள்ளட்டுமா?" என்று கேட்டால் போதும். வேண்டாம் என்றால் தவறாக நினைக்காதீர்கள்.

அப்புறம், வங்கிக்குப் போனாலும் மருந்துக் கடைக்குப் போனாலும், தங்கை கூட வந்தால் கேள்வியெல்லாம் அவளிடம்தான். "இவங்களுக்கு என்ன வேணும்?" கணக்கு என்னுடையது, கையெழுத்தும் என்னுடையது. எதிரிலேயே இருக்கிறேன். மனது வலிக்கிறது.

சக்கர நாற்காலியில் வரும் எல்லோரும் அறவே நடக்க முடியாதவர்கள் அல்ல. என்னால் சில அடிகள் நடக்க முடியும், அதற்கு மேல் கால் தாங்காது. மேல்தட்டிலுள்ள பொருளை எடுக்க எழுந்தால் "நடிக்கிறா" என்ற முணுமுணுப்பு காதில் விழுகிறது.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கை 2006-இல் ஏற்கப்பட்டது. இத்தகைய தவறான எண்ணங்களை மாற்ற மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்தும் பொறுப்பை அதன் 8-ஆம் பிரிவு அரசுகளுக்குத் தருகிறது. ஊடகங்களையும் அது குறிப்பிடுகிறது. எங்களைப் பற்றிப் பிறர் எழுதுவதோடு, எங்களையும் எழுதச் சொல்லி உங்கள் நாளிதழில் இடம் ஒதுக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி