மதுரையில் மனை தேடும் அக்கா மகனுக்கு

அன்புள்ள மாப்ள,

நீ அனுப்பிய மனை விளம்பரத்தைப் பார்த்தேன். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மதுரையில் இடம் தேடுகிற ஆள் நீ ஒருத்தன் மட்டும் இல்லை என்பதால் பொதுவிலேயே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்ட் பத்து நிமிஷம், ரிங் ரோடு ரெண்டு நிமிஷம் என்று எல்லாம் போட்டிருக்கிறான். பெய்கிற மழை அந்த இடத்திலிருந்து எந்த வழியாக எங்கே போகும் என்று மட்டும் போடவில்லை. இந்த ஊரில் முதலில் கேட்கவேண்டியது அதைத்தான்.

வைகை வருஷம் பூராவும் ஓடுகிற ஆறு இல்லை. வருகிறபோது பிடித்துவைக்கத்தான் ஊரைச் சுற்றி அத்தனை கண்மாய். ஒன்று நிறைந்தால், மிஞ்சின தண்ணீர் வழிந்து வெளியேறுகிற கலிங்கு வழியாக அடுத்ததற்குப் போகும். மிச்சம் ஆற்றில் விழும். ஊர் பெருக்கப் பெருக்க வீடும் ஆபீசும் கண்மாய்க்குள்ளேயே இறங்கிவிட்டன. தல்லாகுளம் கண்மாயில் மாநகராட்சி அலுவலகம். உலகனேரிக் கண்மாயில் 2004-ல் திறந்த உயர்நீதிமன்றக் கிளை. நீர்நிலை ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிப்பதும் அங்கேதான், போ!

ஊருக்கு வரும்போது செல்லூர்ப் பக்கம் பந்தல்குடி கால்வாய் ஓரமாக ஒரு நடை நடந்து பார். சாத்தையாறு அணைப் பக்கமிருந்து கண்மாய் கண்மாயாக இறங்கி, செல்லூர் கண்மாயில் சேரும் தண்ணீர் வைகைக்குப் போகிற வழி அது. இப்போது சொட்டு மழையில்லாத சித்திரையிலும் ஓடுகிறது, கறுப்பாக, நுரை தள்ளிக்கொண்டு. வீடுகளின் பின்சுவரிலிருந்து பிவிசி குழாய்கள் நீட்டிக்கொண்டிருக்கும். பாலத்தடியில் கேரி பேக்கும் கிழிந்த தலையணையும் அடைத்துக்கொண்டு நிற்கும். 2024 அக்டோபர் 25-ம் தேதி மழையில் செல்லூர், கட்டபொம்மன் நகர் வீடுகளுக்குள் புகுந்தது வைகை வெள்ளம் இல்லை மாப்ள. வைகைக்குப் போக வழி கிடைக்காத தண்ணீர். அடுத்த வருஷம் முதலமைச்சர் வந்தபோது கால்வாயைத் துணி கட்டி மறைத்தார்கள். விஷயம் வெளியே வந்ததும் துணியை அவிழ்த்தார்கள்; அவரும் நேரில் பார்த்துவிட்டுப் போனார்.

தெற்கே கிருதுமாலை நதியின் கதையும் இதேதான். கூடலழகர் கோயிலுக்குத் தீர்த்தமாக இருந்தது. ஊருக்குள் அதைச் சாக்கடை என்றுதான் பிள்ளைகளுக்குத் தெரியும்.

ஆற்றுக்குள்ளேயும் நிலைமை அப்படித்தான். மணலை அள்ளித் தீர்த்தாயிற்று. ரெண்டு கரையிலும் சுவர் எழுப்பி ரோடு போட்டாயிற்று. நிலத்தடி நீர் ஊறட்டும் என்று ஏ.வி. பாலத்துப் பக்கம் தடுப்பணை கட்டினார்கள், யோசனை நல்லதுதான். ஆனால் கால்வாய்கள் கொண்டுவரும் கழிவும் அங்கேயே தேங்கி, மேலே ஆகாயத்தாமரை மூடிக்கிடக்கிறது. கீழே எது ஊறும் என்று நீயே கணக்குப் போடு. சித்திரைத் திருவிழாவில் அழகர் இறங்குகிறபோது மேலே வைகை அணையைத் திறந்துவிட்டால் நாலு நாள் ஆறு மாதிரி இருக்கும்.

செய்யத் தெரியாமல் இல்லை. பனையூர் கால்வாயைச் சரிபண்ணி வைகைத் தண்ணீரைத் தெப்பக்குளத்துக்குக் கொண்டுவந்தார்களே! வறண்டு, பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த குளம் அது. தண்ணீர் நின்ற பிறகு சுற்றுவட்டாரத்து போர்வெல்களிலும் மட்டம் ஏறியது. வழியைத் திறந்துவிட்டதுதான் அங்கே நடந்த வேலை.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அப்ரூவல் இருக்கிறது என்று சொன்னதும் தலையாட்டாதே. சர்வே நம்பரை வாங்கு. கிராம வரைபடத்தையும், எந்த சர்வே நம்பர் என்ன வகை நிலம் என்று சொல்கிற அ-பதிவேட்டையும் விஏஓ ஆபீசில் பார். பக்கத்து நம்பர் ஓடை, வாய்க்கால், கண்மாய் உள்வாய் (தண்ணீர் தேங்குகிற உள்பகுதி) என்று ஏதாவது இருந்தால் அந்த இடமே வேண்டாம். இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் வயசானவர் யாராவது இருந்தால், கலிங்கு எந்தப் பக்கம் என்று கேள். பிளாட் வாங்க வந்திருக்கிறேன் என்று சொல்லிக் கேட்காதே. முடிந்தால் ஐப்பசியில், மழை வெளுத்து வாங்கிய மறுநாள் வா. நான் பைக்கை எடுத்துக்கொண்டு வருகிறேன், ரெண்டு பேரும் போய்ப் பார்ப்போம்.

அதுவரை டோக்கன் அட்வான்ஸ் கொடுத்துவிடாதே. அக்கா அவசரப்படுத்தினால் நான் பேசிக்கொள்கிறேன்.

அன்புடன்,
மாமா