வசந்திக்கு, கேர்நார்வனிலிருந்து

அன்புள்ள வசந்தி,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவின் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம்.

இங்கிலீஷ்காரன் தேசத்தில் என்ன புதுப் பாஷை படிக்கிறாய் என்று கிண்டலடித்திருந்தாயே, இது வேல்ஸ், அம்மா! இந்த ஊரில் கடை, பஸ், சலூன் எல்லாம் இவர்களுடைய சொந்த பாஷையான வெல்ஷில்தான். என் வார்டில் நினைவு தப்பிய பாட்டிகள் சிலருக்கு ஆங்கிலம் அடியோடு போய்விட்டது. "வலிக்கிறதா?" என்று ஆங்கிலத்தில் கேட்டால் சுவரைப் பார்ப்பார்கள். வெல்ஷில் கேட்டால் ஊர்க்கதையே வரும். அந்த மொழி தெரிந்த நர்ஸுகள் ஆரஞ்சு பேட்ஜ் குத்தியிருப்பார்கள். நான் இன்னும் கற்றுக்குட்டி பேட்ஜில்தான் இருக்கிறேன்.

இந்த மொழி பட்ட பாட்டைக் கேள்: இங்கிலாந்து அரசின் 1536 சட்டம் வெல்ஷைக் கோர்ட்டிலிருந்து துரத்தியது. 1588இல் வில்லியம் மோர்கன் மொழிபெயர்த்த பைபிள்தான் அதைத் தாங்கிப் பிடித்தது. 19ஆம் நூற்றாண்டில் பல பள்ளிகளில் வெல்ஷ் பேசிய பிள்ளையின் கழுத்தில் ஒரு மரத்துண்டைத் தொங்கவிடுவார்களாம். அடுத்து எவன் வாயைத் திறக்கிறானோ அவன் கழுத்துக்கு அது மாறும். மணி அடிக்கும்போது யாரிடம் இருக்கிறதோ அவனுக்கு அடி. பிள்ளைகளையே ஒற்றர்களாக்கிய புத்தியை என்ன சொல்ல!

எனக்குப் பிடித்தது 1980 கதை. வெல்ஷ் டிவி சேனல் தருவதாகச் சொன்ன பிரிட்டிஷ் பிரதமர் தாட்சரின் அரசு பின்வாங்கியது. குவின்வோர் எவன்ஸ் என்ற வெல்ஷ் தேசியக் கட்சித் தலைவர் சாகும்வரை உண்ணாவிரதம் என்று தேதி குறித்தார். ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூட அவர் விடவில்லை, அதற்குள் அரசு இறங்கி வந்துவிட்டது. 1982இல் சேனலும் வந்தது. 2011 சட்டத்தில் வெல்ஷுக்கு ஆட்சிமொழி அந்தஸ்தும் கிடைத்தது.

ஆனாலும் 2021 கணக்கெடுப்பில் பேசுகிறவர்கள் 5,38,000 பேர்தான், நூற்றுக்குப் பதினெட்டுகூட இல்லை. 2050க்குள் பத்து லட்சம் ஆக்குவோம் என்கிறது வேல்ஸ் அரசு. பள்ளிக்கூடத்தை மட்டும் நம்பினால் நடக்காது என்பேன். எங்கள் குவினெத் வட்டாரத்தில் நூற்றுக்கு 64 பேர் பேசுகிறார்கள், ஆனால் கடலோர வீடுகளை வெளியூர்ப் பணக்காரர்கள் விடுமுறைக்கென வாங்கிப் பூட்டிவைக்கிறார்கள். உள்ளூர்ப் பிள்ளைகள் வாடகைக்கு வீடில்லாமல் கிளம்பிவிடுகிறார்கள். 2023 முதல் அப்படிப்பட்ட வீடுகளுக்கு 300 சதவீதம் வரை கூடுதல் வரி போடக் கவுன்சில்களுக்கு அதிகாரம் உண்டு. எனக்கென்னவோ அதுதான் சரியான மருந்தாகத் தெரிகிறது.

அப்புறம், சின்னவளின் காலேஜ் அட்மிஷன் என்ன ஆயிற்று? மறக்காமல் எழுது.

அன்புடன்,
மீனா