ஏசான்னா யாருடா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை ஆன்மிகப் பக்கத்துல "ஆண்டவர் யாரைத் தெரிஞ்சுக்கறாரு, அதாவது தேர்ந்தெடுக்கறாருங்கறது அவர் சித்தம், மனுஷன் ஏன்னு கேக்கக் கூடாது"ங்கற மாதிரி ஒரு கட்டுரை, கூடவே யாக்கோபைச் சிநேகித்து ஏசாவை வெறுத்தேன்னு ஆண்டவர் சொல்ற வசனம். அந்த ரெண்டு பேரும் பைபிள்ல வர்ற ரெட்டைப்புள்ளைங்க, ஏசா மூத்தவன். எனக்கு அது படிச்சுட்டு பக்கத்தைத் திருப்பற விஷயம் இல்லீங்க, நானே ரெட்டைப்புள்ளைல ஒருத்தன். அண்ணன் பத்து நிமிஷம் மூத்தவன். நான் சபைக்குப் போறவன், அவன் கல்யாணம், சாவுக்குத் தவிர சர்ச் வாசல் மிதிக்காதவன்.

2011 டிசம்பர் 30, தானே புயல். மஞ்சக்குப்பத்துல எங்க வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டெல்லாம் அப்பளமா நொறுங்கிடுச்சு. மறுநாள் மத்தியானம் அண்ணன் பண்ருட்டி பக்கத்துலேர்ந்து டிவிஎஸ் எக்ஸெல்ல வந்து நிக்கறான், பின்னாடி தார்ப்பாய், கயிறு, தூக்குவாளியில கஞ்சி. ரோடு பூரா மரம் விழுந்து கெடந்துச்சே, வண்டியை எத்தனை எடத்துல தூக்கித் தாண்டி வெச்சானோ, முழங்கால்ல தோல் பேந்திருந்துச்சு. தார்ப்பாயைக் கட்டி முடிச்சு டீ குடிக்கறப்பதான் சொல்றான், அப்பா வெச்ச பலாமரம் ஏழும் வேரோட போச்சுன்னு. அதுக்கு அடுத்த நாள் புத்தாண்டு ஆராதனை. சாட்சி சொல்ல எழுந்த ஒருத்தர், தெரிந்துகொள்ளப்பட்டவங்க வீட்டுக்கு ஒரு சேதமும் இல்ல, ஸ்தோத்திரம்னாரு. கூரை போனவங்க அங்கயேதான் உக்காந்திருந்தோம்.

பிறகு போதகர்கிட்ட கேட்டேன். பைபிள்ல பவுல் எழுதின ரோமர் நிருபம் 9ஆம் அதிகாரத்தை எடுத்து, புள்ளைங்க பொறக்கறதுக்கு முன்னாடி, நல்லது கெட்டது எதுவும் செய்யறதுக்கு முன்னாடியே தீர்மானம் ஆயிடுச்சு, களிமண்ணு குயவனைக் கேள்வி கேக்குமான்னாரு. கேக்காதுதான், ஆனா களிமண்ணுக்கு அண்ணன் கிடையாதே ஐயா.

கூட வேலை பாத்த திருவஹீந்திரபுரத்துக்காரர் ஒருத்தர்கிட்ட புலம்பினேன். சார், இது எங்க வைணவத்துலயும் உண்டுன்னாரு. பூனை குட்டியைக் கவ்விக்கிட்டுப் போற மாதிரி பெருமாளே தூக்கிப்பாருன்னு தென்கலை, குரங்குக்குட்டி மாதிரி நாமளும் பிடிச்சுக்கணும்னு வடகலை, எங்க ஊர்ல இருந்த வடகலை ஆசாரியர் தேசிகர் அருளுக்கு ஒரு சின்ன வியாஜமாவது, அதாவது நம்ம பக்கத்துலேர்ந்து ஒரு சாக்காவது வேணும்னாரு, இல்லாட்டி பெருமாளுக்குப் பாரபட்சம்ங்கற பழி வந்துடுமேன்னு. எனக்கு அன்னைக்கு ராத்திரி தூக்கம் வந்துச்சு, கேக்கறது பாவம் இல்லைன்னு.

ரோமர் 9ஐப் பிடிச்சுக்கறவங்க 11 வரைக்கும் படிக்கணும், எல்லார் மேலயும் இரக்கமா இருக்கத்தான் எல்லாரையும் கீழ்ப்படியாமைக்குள்ள அடைச்சுப்போட்டார்னுதான் பவுல் முடிக்கறாரு. அதைவிட முக்கியம் பைபிளோட முதல் புத்தகம் ஆதியாகமத்துல 33ஆம் அதிகாரம். ஆசீர்வாதத்தை ஏமாத்திப் பிடுங்கிட்டு ஓடின யாக்கோபு 20 வருஷம் கழிச்சுப் பயந்துகிட்டே திரும்பி வர்றான், ஏழு தரம் தரையில குனிஞ்சு கும்பிடறான், 400 பேரோட வந்த ஏசா ஓடிவந்து கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கறான், ரெண்டு பேரும் அழுவறாங்க. அங்கதான் தெரிந்துகொள்ளப்பட்ட அந்தத் தம்பி சொல்றான், உன் முகத்தைப் பாக்கறது தேவனோட முகத்தைப் பாக்கற மாதிரி இருக்குன்னு. இதை எந்த ஞாயித்துக்கிழமையும் பிரசங்கமா நான் கேட்டதில்ல. கட்டுரை எழுதுறவராவது ஒரு வாரம் எழுதட்டும்.

அண்ணன் டீக்கடையில உங்க பேப்பர்தான் படிக்கறான். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் போன் பண்ணி, "ஏசான்னா யாருடா, அப்படி என்ன பண்ணான்?"னு கேட்டான். நேர்ல வந்து சொல்றேன்னு வெச்சுட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்