புயல் ஓய்ந்த மறுநாள்: குளிர்கால மலையேற்றம் நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

குழுக்களைப் பனிமலைக்கு அழைத்துப் போகும் அமைப்பாளர்களுக்கு,

வணக்கம். போன குளிர்காலத்தில் உங்களில் ஒருவருடைய குழுவில் வந்தவன் நான். இரண்டு நாள் பனிப்புயலில் அடைந்து கிடந்தோம். மூன்றாம் நாள் வானம் கழுவிவிட்டது போல இருந்தது. பனிச்சரிவு எச்சரிக்கை மட்டம் 3. "அஞ்சுக்கு மூணுதானே" என்றார் வழிகாட்டி. நாங்களும் தலையாட்டினோம்.

அந்தக் கணக்குதான் தப்பு. மட்டம் ஒன்று ஏறினால் ஆபத்து பல மடங்கு ஏறுகிறது. ஆல்ப்ஸ் மலைகளில் மற்ற எந்த மட்டத்தையும்விட 3 என்று அறிவித்த நாட்களில்தான் அதிகம் பேர் இறக்கிறார்கள். 4, 5 என்றால் ஆட்கள் தாமாகவே ஒதுங்கிவிடுகிறார்களே!

வெயில் வந்ததும் பனி சமாதானமாகிவிடுவதில்லை. வானத்திலிருந்து விழுந்ததைவிட, காற்று வாரிக்கொண்டு வந்ததுதான் பெரிய வில்லங்கம். முகட்டுக்கு அந்தப் பக்கத்துப் பனியைக் காற்று அள்ளி இந்தப் பக்கம் கொட்டும். சாதாரணமாகப் பனி விழும் வேகத்தைப் போலப் பத்து மடங்கில்கூடச் சேரும். அப்படிச் சேர்ந்தது பலகை மாதிரி இறுகி, சர்க்கரை போல உதிரியான பழைய பனியின் மேல் உட்கார்ந்திருக்கும். சரிவு 30 முதல் 45 பாகைக்குள் இருந்தால், ஒரு ஆளின் எடையே அதைக் கிளப்பிவிடப் போதும். சிக்கியவர்களில் பெரும்பாலோர் தாங்களோ கூட வந்தவரோ கிளப்பிவிட்ட பனிச்சரிவில்தான் சிக்கியிருக்கிறார்கள்.

அன்று சரிவுக்குக் கீழே தட்டையான இடத்தில் நடந்துகொண்டிருந்தோம். காலடியில் 'வ்வூம்ப்' என்று ஒரு சத்தம், மாடியில் யாரோ மெத்தையைத் தூக்கிப் போட்டது போல. "பனி அமருது, நல்லதுதான்" என்றார் அவர். அடியிலிருந்த பலவீனமான அடுக்கு நொறுங்கிய சத்தம் அது என்று அப்புறம்தான் படித்தேன். அந்த நொறுங்கல் அப்படியே மேலே ஓடியிருந்தால், தட்டையில் நின்ற எங்கள் மேல் மொத்தச் சரிவும் வந்திருக்கும்.

புதைந்தவரைப் பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி தாண்டினால் நம்பிக்கை குறைவு. அதற்குள் வெளியிலிருந்து மீட்புக் குழு வருவது அபூர்வம். எங்கள் 11 பேரில் டிரான்ஸீவர் (புதைந்தவரைத் தேடச் சமிக்ஞை அனுப்பவும் கேட்கவும் உதவும் சிறு கருவி) இருந்தது வழிகாட்டி ஒருவரிடம் மட்டும். அவர் புதைந்திருந்தால் அதன் சமிக்ஞையைக் கேட்க எங்களிடம் இன்னொன்று இல்லை.

அவர் கெட்டவர் இல்லை. அட்டவணை அவரைத் தள்ளியது. ஊர் திரும்பும் அவசரத்தில் நாங்களும் தள்ளினோம். அதனால் பயணத்திட்டம் போடும்போதே புயலுக்குப் பின் காத்திருக்க நாள் ஒதுக்குங்கள். ஒரு நாள் போதாமலும் போகலாம், பலவீனமான அடுக்கு வாரக்கணக்கில்கூட ஆறாமல் கிடக்கும். அப்போது திட்டத்தில் செங்குத்தில்லாத மாற்றுப் பாதை ஒன்று இருக்கட்டும். சும்மா உட்காரும் நாளுக்கும் சேர்த்தே கட்டணம் வாங்குங்கள். திருப்பிக் கேட்க மாட்டேன்.

இப்படிக்கு,
அந்தச் சத்தத்தைக் கேட்டவன்