பணிக்கொடைக் கணக்கை எழுத்தில் கொடுக்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஐயா,

வேலையை விடும்போது பணிக்காலத்துக்கு ஏற்பத் தர வேண்டிய பணிக்கொடையே (கிராஜுவிட்டி) தர முடியாது என்று நிர்வாகம் கைவிரித்தால், தொழிலாளி சங்கத்திடமோ தொழிலாளர் துறையிடமோ போய் நிற்கிறார். குறைத்துக் கொடுத்தால், குறைந்திருக்கிறது என்பதே தெரியாமல் வீட்டுக்குப் போகிறார். பஞ்சாலை ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் என்பதால், இப்படிப்பட்ட தாள்களைப் பார்த்துச் சொல்லும்படி சிலர் என்னிடம் வருவதுண்டு.

அண்மையில் வந்த, நூல் நூற்கும் ரிங் பிரேம் இயந்திரத் தொழிலாளியிடம் இருந்தது ஒரே ஒரு தாள். ‘பணிக்கொடை உள்பட எல்லாப் பாக்கியும் பெற்றுக்கொண்டேன்’ என்ற ஒரு வரி, மொத்தமாக 1,40,400 ரூபாய், ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவருடைய கையெழுத்து. அந்தத் தொகை எப்படி வந்தது என்பதற்கு ஒரு குறிப்பும் இல்லை. கடைசியாக அவர் வாங்கிய அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்து 15,600 ரூபாய். பணிக்காலம் 18 ஆண்டு 7 மாதம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும், மாத ஊதியத்தை 26ஆல் வகுத்து 15ஆல் பெருக்க வேண்டும் என்பது சட்டம். ஆறு மாதத்துக்கு மேற்பட்ட பகுதியை முழு ஆண்டாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதும் சட்டம். அதன்படி நாளுக்கு 600, பதினைந்து நாளுக்கு 9,000, 19 ஆண்டுக்கு 1,71,000 ரூபாய் வர வேண்டும். ஆலையோ 30ஆல் வகுத்து, ஏழு மாதத்தையும் விட்டுவிட்டு 18 ஆண்டு என்று போட்டிருக்கிறது. 30,600 ரூபாய் போயிற்று. மாதத்துக்கு 30 நாள்தானே என்று கேட்டால் யாருக்கும் நியாயமாகத்தான் தோன்றும். வார விடுமுறை நாள்களை நீக்கித்தான் 26 என்று வைத்திருக்கிறார்கள் என்பதை அவருக்கு எடுத்துச் சொல்ல அங்கே யாரும் இல்லை.

வகுக்கும் எண்ணைவிடப் பெரிய ஓட்டை சம்பளச் சீட்டில் இருக்கிறது. பேசிக்கைக் குறைத்து, வீட்டு வாடகைப்படி, பயணப்படி, இன்னும் என்னென்னவோ படி என்று பிரித்துப் போட்டால் பி.எஃப். பங்கும் குறையும், பணிக்கொடையும் குறையும். 21.11.2025 முதல் நடைமுறைக்கு வந்துள்ள சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, இப்படி விலக்கப்படும் படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதியை ஊதியத்தோடு சேர்த்தே கணக்கிட வேண்டும் என்கிறது. 24,000 ரூபாய் சம்பளத்தில் பேசிக்கும் அகவிலைப்படியும் 9,000 என்று காட்டியிருந்தாலும், 12,000 ரூபாயை வைத்துத்தான் பணிக்கொடை போட வேண்டும். குறிப்பிட்ட கால ஒப்பந்தத்தில் வேலை செய்வோருக்கு, பணிக்கொடை பெற ஐந்தாண்டு வேலை பார்த்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை இல்லை என்பதும் அதில் வந்துள்ள நல்ல மாற்றம். பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களுக்கு, ஓவர்டைம் நீங்கலாகக் கடைசி மூன்று மாத வருமானத்தின் சராசரிதான் கணக்கு. பனியன் கம்பெனிகளில் சீசன் ஓய்ந்த மாதங்களில் வேலையை விடுபவர் இதனால் எவ்வளவு இழப்பார் என்பது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

இவ்வளவையும் தொழிலாளியே தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் எதிர்பார்க்கவில்லை. அவர் விண்ணப்பித்தாலும் விண்ணப்பிக்காவிட்டாலும், பணிக்கொடையை நிர்வாகமே கணக்கிட்டு, அவருக்கும் உரிய அதிகாரிக்கும் எழுத்து மூலம் தெரிவித்து, 30 நாளுக்குள் பணத்தைக் கொடுக்க வேண்டும் என்று 1972ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டமும் சொன்னது, புதிய தொகுப்பும் சொல்கிறது. அந்த அறிவிப்பில் தொகை மட்டும் இருந்தால் போதாது. கடைசி ஊதியம், பணிக்காலம், வகுத்த எண் ஆகியவற்றையும் காட்டும் ஒரு பக்கப் படிவத்தைத் தமிழில் தயாரித்து, எல்லா நிறுவனங்களும் அதையே பயன்படுத்தும்படி தமிழகத் தொழிலாளர் துறை ஆணையிட வேண்டும். ஆய்வுக்குச் செல்லும் அதிகாரிகள், வேலையை விட்டவர்களுக்கு இந்தப் படிவம் கொடுக்கப்பட்டதா என்று பார்க்க வேண்டும். அது கைக்கு வரும் முன் ‘செட்டில்மென்ட்’ தாளில் யாரிடமும் கையெழுத்து வாங்கக் கூடாது என்பதை ஆலை வாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கவும் உத்தரவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பஞ்சாலைக் கணக்கர்,
கோவை.