தெர்மோஸ்டாட் இல்லாமல் ஹீட் மேட் விற்காதீர்கள்: சேலத்துச் செல்லப்பிராணிக் கடை உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய கடை உரிமையாளர்களுக்கு,

வணக்கம். பால் பைத்தான் (பந்துபோல் சுருளும் சிறிய மலைப்பாம்பு), கார்ன் ஸ்நேக் போன்ற அயல்நாட்டுப் பாம்புகளையும் அவற்றின் கூண்டுக்கு வேண்டிய சாதனங்களையும் சேலத்திலும் மலைமேல் ஏற்காட்டிலும் உள்ளவர்களுக்கு விற்றுவரும் உங்கள் அனைவரிடமும் ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். கூண்டின் அடியில் வைக்கும் சூட்டு விரிப்பான ஹீட் மேட், ஒளியின்றிச் சூடு மட்டும் தரும் செராமிக் ஹீட்டர், பல்பு என எதுவாக இருந்தாலும், சூடு தரும் சாதனத்தை, சூட்டை அளந்து அதற்குப் போகும் மின்சாரத்தைத் தானே கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் தனியே விற்காதீர்கள். வாங்க வருபவரிடம் வீடு எங்கே இருக்கிறது, பாம்பை எந்த அறையில் வைக்கப் போகிறார் என்று கேட்டறிந்த பிறகே சாதனத்தை எடுத்துக் கொடுங்கள்.

எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று அம்மாபேட்டையில் இருக்கிறது. கல்லூரியில் படிக்கும் அவர்கள் மகன் ஆசையாக வாங்கிவந்த பால் பைத்தான் உண்ண மறுக்கிறது என்று பார்க்க அழைத்தார்கள். பாம்பைத் தூக்கியதும் அடிவயிற்றுச் செதில்கள் வரிசையாகப் பழுப்பேறியிருப்பது தெரிந்தது; இரண்டு இடங்களில் நீர் கோத்துக் கொப்புளமாகி, ஒரு செதில் விரித்திருந்த செய்தித்தாளிலேயே ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. கண்ணாடித் தொட்டியின் அடியில் ஒட்டிய ஹீட் மேட் நேராகப் பிளக்கில் செருகப்பட்டிருந்தது. அந்தக் கண்ணாடியின் மேல் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்தபோது 45 டிகிரி செல்சியஸையும் தாண்டிப் போனது. "இருபத்துநாலு மணி நேரமும் போட்டே வையுங்கள், ஒன்றும் ஆகாது" என்று கடையில் சொல்லியனுப்பியதாக அந்தப் பையன் சொன்னான். அந்தக் கடையின் பெயரைச் சொல்வது என் நோக்கமன்று. அந்தப் பேச்சு எல்லாக் கடைகளிலும் நிற்க வேண்டும் என்பதே நோக்கம்.

அவ்வளவு சூடென்றால் பாம்பு தானே நகர்ந்துவிடாதா என்று உங்களில் சிலர் கேட்பதைக் காதாரக் கேட்டிருக்கிறேன். நகர்வதில்லை. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாக உள்ள குழிகள் இருட்டில் எலியின் உடல் வெப்பத்தை உணர்ந்துகொள்ளக் கூடியவை. ஆயினும் அதே பாம்பு சுடும் தரையின்மேல் வயிறு வெந்துபோகும்வரை படுத்துக் கிடப்பதுண்டு. ஒளிந்துகொள்ள ஒரே ஒரு மறைவிடம் கொடுத்து, அதையும் ஹீட் மேட்டுக்கு நேர்மேலே வைத்துவிட்டால், வெளியே வரும் அச்சத்தைவிட உள்ளே வெந்துகொண்டிருப்பதையே அது தேர்ந்துகொள்ளும். ஆகவே சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று என இரண்டு மறைவிடங்கள் வேண்டும் என்பதையும் விற்கும்போதே சொல்லுங்கள். ஹீட் மேட் தரையின் மூன்றில் ஒரு பங்கை மட்டும், ஒரு கோடியில் மட்டும் மூட வேண்டும். முழுத் தரையையும் மூடிவிட்டால் பாம்பு ஒதுங்க இடமே இராது.

பாம்பு தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்வதில்லை. இருக்கும் இடத்தை மாற்றியே அதைக் கூட்டவும் குறைக்கவும் செய்கிறது. பால் பைத்தானுக்குச் சூடான பக்கம் 31 முதல் 33 டிகிரியும், குளிர்ந்த பக்கம் 25 முதல் 27 டிகிரியும் இருந்தால் போதும். கார்ன் ஸ்நேக்குக்கு இரண்டு பக்கமும் இரண்டு மூன்று டிகிரி குறைவாகவே இருக்கலாம். இந்த வேறுபாட்டைக் காப்பதுதான் தெர்மோஸ்டாட்டின் வேலை.

அதையும் சரியாகப் பொருத்தினால்தான் பயன். சென்சார் வயரின் நுனி ஹீட் மேட்டுக்கும் தொட்டிக்கும் இடையிலோ, சூடான மறைவிடத்தின் தரையிலோ அசையாமல் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். பாம்பு முட்டித் தள்ளி அது குளிர்ந்த பக்கம் போய்விட்டாலோ, தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து அது நனைந்துவிட்டாலோ, கூண்டு இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துத் தெர்மோஸ்டாட் மின்சாரத்தைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அப்போது அது இல்லாததைவிட ஆபத்தாகிவிடும். தெர்மோஸ்டாட்டுகளில், அணைத்து அணைத்துப் போடும் சாதாரண வகையே ஹீட் மேட்டுக்குப் போதும். பல்புக்கு ஒளியை ஏற்றியிறக்கும் டிம்மர் வகையும், செராமிக் ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டுவிட்டு அனுப்பும் பல்ஸ் வகையும் பொருத்தமானவை. தெர்மோஸ்டாட்டில் வைத்த எண்ணை மட்டும் நம்பாமல், தனியாக ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டரால் தரையின் சூட்டை அளக்கச் சொல்லுங்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட முள் தெர்மாமீட்டர், ஒட்டியிருக்கும் சுவரின் சூட்டைத்தான் காட்டுமே தவிர பாம்பு படுத்திருக்கும் இடத்தின் சூட்டைக் காட்டாது. பிளக்கில் செருகும் சூட்டுக் கல்லை விற்பதை அறவே நிறுத்திவிடும்படி வேண்டுகிறேன். ஒரு பக்கம் கொதித்து ஒரு பக்கம் ஆறிக் கிடக்கும் அந்தக் கல்லால் வெந்த பாம்புகள் உலகெங்கும் உண்டு.

இனி, நம் ஊர் வெயிலைப் பற்றி. சாதனத்தோடு வரும் தாளில் உள்ள அறிவுரைகள் பெரும்பாலும் குளிர் நாடுகளுக்காக எழுதப்பட்டவை. அவை கூண்டைச் சூடாக்குவது எப்படி என்று மட்டுமே சொல்லும். நமக்கு ஏப்ரல், மே மாதங்களில் நேரெதிரான கவலை. நகரமலையும் ஜருகுமலையும் கஞ்சமலையும் சேர்வராயனும் சூழ்ந்த இந்த ஊரில் பகல் வெயில் 38, 40 டிகிரியைத் தொடும்போது, மொட்டைமாடியை ஒட்டிய அறையிலோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழோ வைத்த கூண்டில் குளிர்ந்த பக்கம் என்று ஒன்றே இல்லாமல் போய்விடுகிறது. கூண்டு முழுவதும் 35 டிகிரிக்கு மேல் மணிக்கணக்கில் நின்றுவிட்டால் பாம்பு வாயைத் திறந்து மூச்சுவிடும், தலையை நேராக நிறுத்த முடியாமல் தடுமாறும், சில நேரம் செத்தும் போகும். தெர்மோஸ்டாட் ஹீட்டரை அணைக்குமே அன்றி அறையைக் குளிர்விக்காது என்பதை வாங்குபவருக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது உங்கள் கடமை. கூண்டைத் தரைத்தளத்துக்கு, மேற்கு வெயில் படாத சுவரோரம் மாற்றச் சொல்லுங்கள். பாம்பு முழுவதும் இறங்கிக் கிடக்கக்கூடிய மண்சட்டி ஒன்றில் தண்ணீர் வைத்தால் மிக நல்லது. ஐஸாக்கிய தண்ணீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் கூண்டின் மேல்வலைமீது வைப்பதும் மின்வெட்டுப் பகல்களில் கைகொடுக்கும். சன்னலோரம் வெயிலில் கண்ணாடித் தொட்டியைக் கொஞ்ச நேரம்கூட வைக்கக் கூடாது என்பதைப் பெரிய எழுத்தில் எழுதியே ஒட்டிவிடுங்கள்.

ஏற்காட்டுக் கதை வேறு. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்தில் மார்கழி, தை இரவுகள் 15 டிகிரிக்கும் கீழே இறங்குகின்றன. காலை மூடுபனியில் எல்லாமே ஈரமாக இருக்கும். ஹீட் மேட் தன்மேல் படுத்ததைச் சுடவைக்குமே தவிர கூண்டின் காற்றைச் சூடாக்காது. வயிறு சூடாக இருந்தும் குளிர்ந்த ஈரக்காற்றையே சுவாசிக்கும் பாம்புக்குச் சளி பிடிக்கும்: மூச்சில் இரைச்சல் கேட்கும், வாயோரம் நுரை தள்ளும். அந்த நிலையில் வீட்டு வைத்தியம் பார்க்காமல் கால்நடை மருத்துவரிடம் கொண்டு போகச் சொல்லுங்கள். உண்ட எலி செரிக்கவும் சூடு வேண்டும். குளிரில் அது வயிற்றிலேயே அழுகிவிடும், பாம்பு கக்கிவிடும். எனவே மலைமேல் இருப்பவருக்குக் கண்ணாடித் தொட்டிக்குப் பதிலாகப் பலகைக் கூண்டையும், மேலிருந்து சூடு தரும் செராமிக் ஹீட்டரையும் பரிந்துரையுங்கள். அதன் மேற்பரப்பு 200 டிகிரிக்கும் மேல் சூடேறக்கூடியது. கம்பிவலைக் கூடும் பீங்கான் ஹோல்டரும் இல்லாமல் அதைக் கொடுத்தனுப்புவது, பிளாஸ்டிக் உருகி வீடு பற்றிக்கொள்ளும் அளவுக்கு ஆபத்தானது. மழைக்காலத்தில் மரம் விழுந்து மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகும் மலை அது. அப்போது கூண்டின்மேல் கம்பளியைப் போர்த்தி, துணி சுற்றிய வெந்நீர்ப் பாட்டிலை உள்ளே ஓரமாக வைத்து, மின்சாரம் வந்து கூண்டு மீண்டும் சூடாகும்வரை இரை போடாமல் இருக்க வேண்டும்.

ஒளியைப் பற்றிச் சொல்ல வேண்டியது கொஞ்சம்தான். இரவில் எரிய வேண்டிய பல்பு என்று சொல்லிச் சிவப்பு, நீல பல்புகளை விற்காதீர்கள். பாம்புக்கு இரவென்றால் இருட்டு வேண்டும். இரவிலும் சூடு தேவைப்பட்டால் ஒளி தராத செராமிக் ஹீட்டர் இருக்கிறது. நம் பகுதியில் ஆண்டு முழுவதும் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் பன்னிரண்டே முக்கால் மணி நேரத்துக்கும் இடையிலேயே அமைவதால், டைமரில் பன்னிரண்டு மணி நேரம் எரியும் எல்இடி விளக்கே போதுமானது. வெயிலில் உள்ளதுபோன்ற புற ஊதாக் கதிரைத் தரும் யூவிபி விளக்கைப் பொறுத்தவரை உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்: 2008இல் வெளியான ஆய்வில் அந்த ஒளி பட்ட கார்ன் ஸ்நேக்குகளின் இரத்தத்தில் வைட்டமின் டி கூடியது; 2013இல் பால் பைத்தான்களிடம் நடந்த ஆய்வில் அப்படிக் குறிப்பிடத்தக்க மாற்றம் தென்படவில்லை. முழு எலியை உண்ணும் பாம்பு அந்த விளக்கு இல்லாமலும் வாழும். வைப்பது நல்லது என்றே நான் கருதுகிறேன். ஆனால் நிழலும் மறைவிடமும் இருக்க வேண்டும். இடையில் கண்ணாடி இருந்தால் அந்தக் கதிர் உள்ளே போகாது. வெளிர் நிற அல்பினோ பாம்புகளுக்குக் கூடுதல் கவனம் தேவை.

சட்டத்தைப் பற்றி நீங்கள் அறியாததில்லை. மலைப்பாம்பு, மண்ணுளிப் பாம்பு, சாரை முதலிய நம் நாட்டுப் பாம்புகளை 1972ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டம் காக்கிறது. அவற்றுக்குக் கூண்டுச் சாதனம் கேட்டு வருபவருக்கு எதையும் விற்காமல் வனத்துறைக்குத் தெரிவியுங்கள். பால் பைத்தான் வாங்குபவரிடம், 2024ஆம் ஆண்டு விதிகளின்படி மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் சொல்லி, உரிய தாள்களைக் கொடுங்கள்.

தெர்மோஸ்டாட்டையும் சேர்த்தால் விலை கூடும், வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்பது உங்கள் தரப்பு நியாயம். அதை நான் மறுக்கவில்லை. நீங்கள் எல்லோரும் கூடி ஒரே முடிவாக எடுத்தால் அடுத்த கடை என்ற கேள்வியே எழாது. ஹீட் மேட், தெர்மோஸ்டாட், டிஜிட்டல் தெர்மாமீட்டர் மூன்றையும் ஒரே பெட்டியில் ஒரே விலையாக வையுங்கள். அதனுள் வைக்கத் தமிழில் இரண்டு தாள்கள் வேண்டும், சேலத்துக்கு ஒன்று, ஏற்காட்டுக்கு ஒன்று. அவற்றை எழுதிக் கொடுக்கும் பொறுப்பை ஊதியம் எதுவும் இன்றி நான் ஏற்றுக்கொள்கிறேன். பங்குனி வெயில் தொடங்குமுன் அவை உங்கள் கடைகளுக்கு வந்து சேர வேண்டும் என்பதால், விரைவில் கூடிப் பேசி முடிவைத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சேலத்துப் பாம்பு வளர்ப்பாளர் ஒருவர்