ஒரு லாயத்தையும் சேர்த்துப் பாருங்கள்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

மருத்துவம் மற்றும் மக்கள் நல்வாழ்வுத் துறையில் இருப்பவர்களுக்கும், மாநில மனநல ஆணையத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

ஈரோடு மாவட்டத்தில், அந்தியூர் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். நான் ஒரு குடிநோயாளியின் அக்கா. கேட்க வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரசு போதை மீட்பு மையங்களில் ஏதாவது ஒன்றில், மருத்துவர்களின் பார்வையில், குதிரைகளோடு சேர்ந்த சிகிச்சையைச் சின்ன அளவில் ஒரு தடவை முறையாக நடத்திப் பாருங்கள். என்ன முடிவு வந்தாலும் அதை வெளியில் சொல்லுங்கள். அவ்வளவுதான். ஏன் கேட்கிறேன் என்பதற்குத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

என் தம்பி லாரி ஓட்டுகிறவன். குடி முன்பிருந்தே உண்டு, அப்பா போன பிறகு அது காலையிலும் வந்துவிட்டது. கோயிலில் சத்தியம் வாங்கிக் கையில் கயிறு கட்டினோம், மூன்றாவது வாரம் அவனே அறுத்துப் போட்டான். யாரோ கொடுத்த பொடியை அவனுக்குத் தெரியாமல் குழம்பில் கலந்தோம். (தயவுசெய்து யாரும் இதைச் செய்யாதீர்கள். அது என்ன பொடி, உள்ளே சாராயம் இருக்கும்போது உடம்பை என்ன செய்யும் என்று தெரியாமல் கொடுத்தால் உயிரே போகலாம் என்று அரசு மருத்துவர் பிறகு எங்களிடம் கோபப்பட்டார், நியாயமான கோபம்.) அப்புறம் வெளியூரில் ஒரு தனியார் மையத்தில் நகையை அடகு வைத்துச் சேர்த்தோம். மூன்று மாதம் போனில்கூடப் பேச விடவில்லை. கூட்டிவரப் போனபோது கணுக்காலில் சங்கிலி உரசிய புண். வீட்டுக்கு வந்த அன்று ராத்திரியே குடித்தான். அதைவிட என்னால் தாங்க முடியாதது ஒன்று இருந்தது. யாராவது சாதாரணமாகக் கையைத் தூக்கினால்கூட, ஒரு டம்ளரை எடுக்கக் கையை நீட்டினால்கூட, அவன் இரண்டு கையாலும் தலையை மூடிக்கொள்வான். நாற்பது வயது ஆள்.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் யாரையும் எந்த விதத்திலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. இந்த மையங்கள் பதிவு செய்ய வேண்டியதும் உங்கள் ஆணையத்திடம்தான். இதை நீங்கள் அறியாதவர்கள் இல்லை. ஆனாலும் சொல்லாமல் போக மனம் வரவில்லை, ஏனென்றால் நான் கேட்கப்போகிற குதிரை விஷயம் அடி இல்லாத இடத்தில்தான் நடக்கும்.

கடைசியில் அவனைக் காப்பாற்றியது அரசு ஆஸ்பத்திரிதான். திடீரென்று நிறுத்தியதில் இரண்டாம் நாள் வலிப்பு வந்து தூக்கிக்கொண்டு ஓடினோம். அங்கே மருந்து கொடுத்துத் தேற்றி, ஆலோசகரிடம் உட்கார வைத்து, மாத்திரையோடு அனுப்பினார்கள். ஆனால் வீட்டுக்கு வந்ததும் ஒரு பிரச்சினை. விடிகாலை நாலரைக்கு விழித்துவிடுவான். கை நடுங்கும். அந்த நேரத்தில் அவனுக்குச் செய்ய எதுவுமே கிடையாது, கடை திறக்கிற நேரத்தை எண்ணிக்கொண்டிருப்பதைத் தவிர.

எங்கள் தெருக்கோடியில் ஒரு அண்ணா குதிரை வளர்க்கிறார். அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவின் குதிரைச் சந்தையைத் தமிழ்நாட்டில் பலரும் அறிவார்கள், அங்கே வாங்கியது, சாம்பல் நிறப் பெட்டைக் குதிரை. லத்தி அள்ள ஆள் இல்லை, தம்பியை அனுப்பு என்றார். அவர் சிகிச்சை என்று நினைத்துக் கூப்பிடவில்லை. எனக்கும் அந்த நினைப்பு இல்லை, அவன் வீட்டில் சும்மா உட்காராமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

முதல் நாள் நானும் போயிருந்தேன். தலைக்கயிற்றைப் பிடித்து வெளியே கூட்டி வரச் சொன்னார். இவன் இழுத்தான். அது கழுத்தை மேலே தூக்கி, காதைப் பின்னால் மடக்கி, நின்ற இடத்திலேயே நின்றது. நானூறு கிலோ உடம்பு. இன்னும் பலமாக இழுத்தான். "இழுக்காத சாமி. மூச்ச விட்டுட்டு சும்மா நில்லு, உன் பயந்தான் அதுக்கு" என்றார் அண்ணா. இவனுக்குச் சும்மா நிற்கத் தெரியவில்லை, தோள் இறுகியபடியே நின்றான். பத்து நிமிடம் இருக்கும். அப்புறம் ஒரு நீண்ட மூச்சு விட்டான், எனக்கே கேட்டது. கொஞ்ச நேரத்தில் குதிரை தலையைத் தாழ்த்தி, வெறும் வாயை மென்று, ஒரு பின்னங்காலைத் தளர்த்தி மடக்கியது. அவன் நடந்தான், கயிறு தொய்வாகவே இருக்க, அது கூடவே வந்தது.

இரண்டு வாரம் கழித்து அவன் சொன்ன ஒன்றை என்னால் மறக்க முடியாது. "அக்கா, அதுவும் அடி வாங்கியிருக்கு. தலைக்கு மேல கைய கொண்டுபோனா வெடுக்குன்னு விலகுது. கழுத்துக்குக் கீழேயிருந்துதான் தடவணும்." அந்த அண்ணாவுக்குக்கூட அது முதலில் பிடிபடவில்லையாம்.

குதிரைதான் தம்பியைக் குணமாக்கியது என்று நான் சொல்லவில்லை. மருந்து, ஆலோசனை, அவன் மனைவியின் பொறுமை எல்லாம் சேர்ந்துதான். இடையில் இரண்டு தடவை சறுக்கினான், ஒன்று ஒரு கல்யாணத்தில், ஒன்று தீபாவளிக்கு. தீபாவளி மறுநாள் வாடையோடு லாயத்துக்குப் போனவனை அண்ணா உள்ளே விடவில்லை, திட்டவும் இல்லை, "தெளிஞ்சிட்டு வா, அதுக்குத் தண்ணி நான் வெச்சுக்கறேன்" என்றார். அன்று மதியம் யாரும் சொல்லாமல் அவனே பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்குப் போனான். இப்போது பதினாலு மாதம் ஆகிறது.

சரி, ஒரு குடும்பத்தில் நடந்ததை வைத்து அரசு எதையும் தொடங்க முடியாது, அது எனக்கும் தெரியும். அதனால் தேடிப் படித்தேன். வெளிநாடுகளில் இதை ஒழுங்கான முறையாக வளர்த்திருக்கிறார்கள். பெரும்பாலும் குதிரை மேல் ஏறுவதே இல்லை, தரையில் நின்றுதான் எல்லாம். ஈகாலா என்ற அமைப்பு 1999இல் தொடங்கியது, அவர்கள் முறையில் ஒவ்வொரு அமர்விலும் மனநல நிபுணர் ஒருவரும் குதிரை தெரிந்தவர் ஒருவரும் சேர்ந்தே இருக்க வேண்டும். குதிரை, வேட்டை விலங்குகளுக்கு இரையாகாமல் தப்பித்தே பிழைத்து வந்த விலங்கு. பக்கவாட்டில் இருக்கும் கண்ணால் தன்னைச் சுற்றி ஏறக்குறைய எல்லாத் திசையும் பார்க்கும், எதிரில் நிற்பவரின் உடம்பு இறுகுவதை அவர் வாய் திறக்கும் முன்பே கண்டுகொள்ளும். கோபமான மனித முகத்தைப் படத்தில் காட்டினாலே குதிரைகளின் இதயத்துடிப்பு வேகமாகக் கூடியதை இங்கிலாந்தின் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 2016இல் பதிவு செய்தார்கள். குடிநோயில் இருப்பவர் வீட்டில் எல்லோரிடமும் "நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிப் பழகியவர். குதிரையிடம் அந்தப் பேச்சு எடுபடாது. ஆனால் அது பழசைக் கிளறாது, போன மாதம் என்ன செய்தாய் என்று கேட்காது. இந்த நிமிடம் நீ எப்படி நிற்கிறாய் என்பது மட்டும்தான் அதற்குக் கணக்கு.

நார்வேயில் ஓஸ்லோ பல்கலைக்கழக மருத்துவமனையின் இளைஞர் போதைச் சிகிச்சைப் பிரிவு இதை வழக்கமான சிகிச்சையோடு சேர்த்து நடத்தியது. 108 பேரைத் தொடர்ந்து பார்த்து 2015இல் வெளியிட்ட ஆய்வில், குதிரைகளோடு பங்கேற்றவர்கள் மற்றவர்களைவிட அதிக நாள் சிகிச்சையில் தங்கினார்கள், முழுசாக முடித்தவர்களும் அவர்களில் அதிகம். பாதியில் ஓடிப்போவதுதான் இந்த நோயின் பெரிய சிக்கல் என்பது உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இந்த மடல் விளம்பரம் ஆகிவிடும். 2015 ஆய்வில் குதிரைப் பக்கம் போனவர்கள் விரும்பிப் போனவர்கள். பிறகு அதே மருத்துவமனையில், யாருக்குக் குதிரை யாருக்கு இல்லை என்பதைக் குலுக்கல் முறையில் பிரித்துச் செய்து 2020இல் வெளியிட்ட ஆய்வில், சிகிச்சையை முடிப்பதில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை.

அப்புறம் ஏன் கேட்கிறேன்? அந்த இளைஞர்களிடம் உட்கார்ந்து பேசியும் பதிவு செய்திருக்கிறார்கள். லாயத்தில் நான் நோயாளி இல்லை, உபயோகமான ஆள், பொறுப்பு உள்ள ஆள் என்ற உணர்வு அவர்களுக்குக் கிடைத்ததாக அதில் வருகிறது. படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது, தம்பியிடம் நான் கண்ணால் பார்த்தது அதேதான். வீட்டில் நாங்கள் எல்லோரும் அவனைக் காவல் காத்தோம். லாயத்தில் மட்டும்தான் அவன் ஒரு உயிரைக் காத்தான். ஓஸ்லோவில் கிடைத்த பதில் ஈரோட்டுக்கும் அப்படியே பொருந்துமா என்பதை இங்கே செய்து பார்த்தால்தான் தெரியும். அதனால்தான் பெரிய திட்டம் கேட்கவில்லை, ஒரு சோதனை கேட்கிறேன்.

"மருந்துக்கும் படுக்கைக்குமே பற்றாக்குறை, இதில் குதிரையா?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எய்ம்ஸ் மருத்துவர்கள் நடத்தி 2019இல் வெளிவந்த தேசியக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார். அந்த எண்ணை மாற்றுவதுதான் முதல் வேலை. 2025இல் கலங்கரை என்ற பெயரில் 25 மீட்பு மையங்களைத் திறந்தீர்கள், மனசார நன்றி. மருந்துக்கான பணத்தை எடுத்துக் குதிரைக்குக் கொள்ளு வாங்கச் சொல்லவே மாட்டேன். ஆனால் டாஸ்மாக் வழியாக ஒரு வருடத்தில் 45,000 கோடி ரூபாய்க்கு மேல் வருகிற மாநிலத்தில், ஒரே ஒரு இடத்தில் மூன்று மாதம் நடத்திப் பார்க்கும் செலவு பெரிதில்லை.

அதிலும் பாதி நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை 1794இலிருந்து இருக்கிறது. அங்கிருந்து சில கிலோமீட்டரில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. சென்னைக் காவல்துறையிடம் குதிரைப் படையே இருக்கிறது, குதிரையை அறிந்த காவலர்களும் இருக்கிறார்கள். ஓட்டத்தில் வயதாகிப்போன பந்தயக் குதிரைகள் ஒரு பக்கம் கதியில்லாமல் நிற்கின்றன. (எல்லாப் பந்தயக் குதிரையும் இதற்கு ஒத்துவராது, மிரளும் குணம் இருந்தால் வேண்டவே வேண்டாம். தேர்ந்தெடுக்க கால்நடை மருத்துவர்கள் வேண்டும்.) இவர்கள் எல்லோரையும் ஒரே மேசையில் உட்கார வைக்க உங்களால் முடியும், என்னால் முடியாது.

நடத்தினால் சிலவற்றில் தயவுசெய்து விட்டுக்கொடுக்காதீர்கள். நிறுத்திய முதல் நாட்களில் ஆள் ஆஸ்பத்திரிப் படுக்கையில்தான் இருக்க வேண்டும், லாயத்தில் இல்லை. வலிப்பும் குழப்பமும் வருகிற நேரம் அது. மருத்துவர் சரி என்ற பிறகே லாயம். டெட்டனஸ் ஊசி போட்டிருக்க வேண்டும். குடியால் கால் நரம்பு பாதித்துத் தள்ளாடுபவர்கள் நிறைய, அவர்களைக் குதிரையின் பின்பக்கம் நிற்க விடக் கூடாது. பயப்படுபவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. குதிரைக்கும் ஓய்வு நேரம், நிழல், குளம்பு பார்க்க ஆள், வயதான பிறகு போக ஓர் இடம் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும். கடிவாளம் வேண்டாம், தலைக்கயிறு போதும். கொள்ளு என்றால் வாயைத் திறக்கும், கடிவாளம் என்றால் வாயை மூடும் என்று குதிரையைப் பற்றி ஒரு பழமொழி சொல்வோம். குடிக்கிறவனைப் பற்றியும் ஊரில் அப்படித்தான் பேசுகிறோம், கடிவாளம் போட்டால் சரியாகிவிடுவான் என்று. தம்பிக்குப் போட்ட கடிவாளம் எதுவும் மூன்று வாரம்கூட நிற்கவில்லை.

இன்னொன்று, இது எனக்கு உண்மையான பயம். நீங்கள் ஒரு இடத்தில் தொடங்கினதுமே, பதிவே இல்லாத தனியார் மையங்கள் வாசலில் ஒரு மட்டக் குதிரையைக் கட்டி, குதிரை சிகிச்சை என்று போர்டு வைத்து இன்னொரு இருபதாயிரம் வாங்குவார்கள். நகையை அடகு வைக்க எங்களை மாதிரி ஆட்கள் கிளம்பிவிடுவோம், அந்த நிலைமையில் யாரும் எதையும் நம்புவார்கள். அதனால் சோதனை முடிந்து முடிவு வரும் வரை தனியார் யாருக்கும் இதற்கு அனுமதி தராதீர்கள். பதிவு இல்லாதவர்கள் மேல் இப்போதே நடவடிக்கை எடுங்கள், அதற்குக் குதிரைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.

துறையிலிருந்து யாராவது ஒருவர், ஒரு இளம் மருத்துவராக இருந்தாலும் போதும், வரும் ஆடியில் அந்தியூர் சந்தைக்கு வாருங்கள். குதிரைக்காரர்களிடம் பேசுங்கள், அவர்களுக்குத் தெரிந்தது எந்தப் பாடப்புத்தகத்திலும் இருக்காது. அப்படியே எங்கள் ஊருக்கும் வரலாம். தம்பியைப் பார்க்க வேண்டும் என்றால் மட்டும் காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள். அதற்குள் லத்தி அள்ளி, தண்ணீர் வைத்து, குளம்பு பார்த்துவிட்டு அவன் லோடு ஏற்றக் கிளம்பிவிடுவான்.

இப்படிக்கு,
ஒரு அக்கா